லார்சன் – ஸ்பாஸ்கி, பெல்கிரேடு 1970: தோற்றது பி3-யா, லார்சனா?

கருங்கட்டம்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச காலமாக செஸ்ஸில் வெள்ளைக் காயோடு 1.பி3 (முதல் நகர்வில் பி வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவது) மட்டும்தான் ஆடுகிறேன். தியரி (மனப்பாடம் செய்யும் தொடக்க நகர்வு வரிசைகள்) மூட்டை தூக்க வேண்டியதில்லை, எதிராளியும் மனப்பாடத்தை நம்பி ஓட்ட முடியாது. போன வாரம் கிளப்பில் ஒரு மூத்த ஆட்டக்காரர், "இதைப் பார்த்துவிட்டும் பி3 ஆடுவேன் என்றால் ஆடு" என்று சொல்லி லார்சன் – ஸ்பாஸ்கி ஆட்டத்தைப் பலகையில் ஓட்டிக் காட்டினார். வெள்ளை 17 நகர்வில் காலி! தோற்ற லார்சனும் சாதாரண ஆள் இல்லை, டென்மார்க்கின் கிராண்ட்மாஸ்டர்.

1.பி3 இ5 2.பிஷப் பி2 குதிரை சி6 3.சி4 குதிரை எஃப்6 4.குதிரை எஃப்3 இ4 5.குதிரை டி4 பிஷப் சி5 6.குதிரை×சி6 டி×சி6 7.இ3 பிஷப் எஃப்5 8.ராணி சி2 ராணி இ7 9.பிஷப் இ2 0-0-0 10.எஃப்4 குதிரை ஜி4 11.ஜி3 ஹெச்5 12.ஹெச்3 ஹெச்4 13.ஹெச்×ஜி4 ஹெச்×ஜி3 14.யானை ஜி1 யானை ஹெச்1!! 15.யானை×ஹெச்1 ஜி2 16.யானை எஃப்1 ராணி ஹெச்4+ 17.ராஜா டி1 ஜி×எஃப்1=ராணி+, வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டது. (× என்றால் வெட்டு, + என்றால் செக், !! என்றால் அபார நகர்வு, 0-0-0 என்றால் ராணிப் பக்கக் கேஸ்லிங், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்துவது. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு.)

முதல் நகர்வே மோசம் என்பதற்கு இது ஆதாரமா? அல்லது அந்த மூத்தவர் என்னைச் சும்மா பயமுறுத்துகிறாரா?

மதுரை1500

17 நகர்வெல்லாம் ஒரு தோல்வியா? மாவட்டப் போட்டியில் என் பலகைப் பக்கம் வந்து பாருங்கள், டீ ஆறுவதற்குள் எழுந்துவிடுவேன்.

பழையபலகை

தம்பி, ஆட்டம் எங்கே நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் பாதிக் கதை இருக்கிறது. 1970 மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். பெல்கிரேடில் சோவியத் யூனியனும் 'உலகின் மற்ற நாடுகள்' அணியும் மோதின. 10 பலகை, 4 சுற்று. சோவியத் வரிசையில் ஸ்பாஸ்கி, பெட்ரோசியான், கோர்ச்னாய், ஸ்மிஸ்லோவ், போட்வின்னிக், டால், கெரஸ். உலக அணியின் கேப்டன் மாக்ஸ் யூவே.

முதல் பலகையில் யார் உட்காருவது என்று ஃபிஷருக்கும் லார்சனுக்கும் இழுபறி. ஃபிஷர் அதற்கு முன் கொஞ்ச காலம் அதிகம் ஆடாமல் இருந்தார். லார்சனோ போட்டி போட்டியாக ஜெயித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஃபிஷரே இறங்கி வந்து இரண்டாம் பலகையை எடுத்துக்கொண்டார். முதல் பலகை லார்சனுக்கு. எதிரே நடப்பு உலக சாம்பியன். முதல் சுற்று டிரா. இரண்டாம் சுற்றில்தான் இந்த அடி.

மொத்தத்தில் சோவியத் அணி 20½ – 19½ என்று மயிரிழையில் தப்பித்தது. இந்த ஒரு ஆட்டம் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் எல்லாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் சுற்றில் லார்சன் கறுப்புக் காயில் ஸ்பாஸ்கியை அடித்தார். நான்காம் சுற்றில் ஸ்பாஸ்கிக்குப் பதில் ஸ்டைன் வந்தார், அவரையும் அடித்தார். நாலு சுற்றில் 2½ புள்ளி. இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு நாமாக இருந்தால் அடுத்த சுற்றுக்குப் போகவே கால் வராது.

செஸ்அம்மா

என் பையன் 9 வயது, அவனுக்காகத்தான் நான் இதையெல்லாம் படிக்கிறேன். 'ஃப்ளாங்க் ஓப்பனிங்' என்றால் ஓரத்துச் சிப்பாயை நகர்த்துவதா? நடுவில் இடம் பிடி, நடுவில் இடம் பிடி என்று கோச் தொண்டை வறளக் கத்துகிறார். அப்புறம் பெரிய ஆட்டக்காரர்கள் மட்டும் ஏன் ஓரத்தில் ஆரம்பிக்கிறார்கள்?

பழையபலகை

நல்ல கேள்வி அம்மா. இ4, டி4 என்று நடுச் சிப்பாயில் ஆரம்பிக்காமல் பக்கவாட்டிலிருந்து வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1.சி4, 1.குதிரை எஃப்3, 1.பி3, 1.எஃப்4 எல்லாம் இந்த வகை. நடுவை வேண்டாம் என்று விடுவதில்லை. எதிராளியைச் சிப்பாய்களோடு உள்ளே வரவிட்டு, தூரத்திலிருந்து பிஷப்பாலும் குதிரையாலும் அந்தச் சிப்பாய்களைக் குடைவது. 1920-களில் நிம்ஸோவிட்ச், ரேட்டி போன்றவர்கள் இதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார்கள். 1.பி3-க்கு இன்று நிம்ஸோவிட்ச் – லார்சன் தாக்குதல் என்றே பெயர்.

இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஆட்டம் 1924 நியூயார்க் போட்டியில் ரேட்டி கபபிளாங்காவை வென்றது. கபபிளாங்கா 1916-க்குப் பிறகு ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இருந்தவர், அப்போது உலக சாம்பியன். ரேட்டி 1.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 2.சி4 ஜி6 3.பி4 என்று ஆரம்பித்து, இரண்டு பிஷப்பையும் நீண்ட மூலைக்கோடுகளில் வைத்தார். 7-வது நகர்வில் கேஸ்லிங். நடுவில் டி4 தள்ளியது 16-வது நகர்வில்தான். 31-வது நகர்வில் கபபிளாங்கா கைகொடுத்துவிட்டார். அந்த வரிசையைக் கவனியுங்கள். ராஜா பத்திரமாக உட்கார்ந்த பிறகுதான் நடுவில் கைவைக்கிறார்.

எஞ்சின்பாண்டி

கருங்கட்டம், உங்கள் கிளப் பெரியவர் தப்பான நகர்வைக் காட்டிப் பயமுறுத்துகிறார். 1.பி3-யில் வெள்ளைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ஆட்டம் சமம். 3.சி4 வரையும் அப்படித்தான். வழுக்க ஆரம்பிப்பது 4.குதிரை எஃப்3-யில். இ4 தள்ளு தள்ளு என்று கூப்பிடுகிற நகர்வு அது. கறுப்பு தள்ளியதும் குதிரை டி4-க்கு ஓட வேண்டும், அங்கேயும் பிஷப் சி5 என்று மிரட்டல், வேறு வழியில்லாமல் சி6-இல் மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று நகர்வு செலவழித்த குதிரை பலகையிலேயே இல்லை. அதற்குப் பதிலாகப் போன கறுப்புக் குதிரை நகர்ந்தது ஒரே ஒரு தடவை.

அதற்காக 9-வது நகர்வு வரை வெள்ளை தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. 10.குதிரை சி3 ஆடி, ராஜாவை ராணிப் பக்கம் அனுப்பியிருந்தால் நீண்ட ஆட்டம் கிடைத்திருக்கும். 10.எஃப்4 தான் கதையை முடித்தது.

கருங்கட்டம்

எஃப்4-யில் அப்படி என்ன தப்பு? இ4 சிப்பாயைத் தனியாக்கி, பி2 பிஷப்புக்கும் துணையாக இ5 கட்டத்தைப் பிடிக்கிற மாதிரித்தானே இருக்கிறது. இன்னொன்று, கறுப்பு ஏன் என்பாசான் முறையில் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை, ஒரு கட்டம் மட்டும் வந்ததுபோல் வெட்டுவது) எஃப்3-இல் வெட்டவில்லை? நானாக இருந்தால் யோசிக்காமல் வெட்டியிருப்பேன்.

எஞ்சின்பாண்டி

வெட்டினால் ஒரு பிஷப் போய்விடும். சி2-இல் வெள்ளை ராணி, எஃப்5-இல் கறுப்பு பிஷப், நடுவில் இ4 சிப்பாய் மறைப்பு. அந்தச் சிப்பாய் விலகியதும் ராணி×எஃப்5, அதுவும் செக்கோடு, ஏனென்றால் கறுப்பு ராஜா சி8-இல் நிற்கிறார். எஃப்5 பிஷப்புக்குக் காவல் கிடையாது. லார்சன் இதைக் கணக்கில் வைத்துத்தான் எஃப்4 தள்ளியிருப்பார் என்று என் ஊகம்.

ஆனால் இ4 சிப்பாய் நகர முடியாது என்பதற்காக மற்ற காய்களும் நகராது என்று இல்லையே. குதிரை ஜி4! இப்போது ராணி ஹெச்4 செக் மிரட்டல். எஃப் சிப்பாய் முன்னே போனதால் ராஜாவின் மூலைக்கோடு திறந்து கிடக்கிறது. 11.ஹெச்3 என்று குதிரையைத் துரத்தினால் உடனே ராணி ஹெச்4 செக். 11.குதிரை சி3 என்றால் கறுப்பு டி2-இல் யானையைக் கொடுத்து வெட்டும். அடுத்து பிஷப் இ3-இல் இறங்கியதும் வெள்ளை ராஜா நடுத்தெருவில். அதனால்தான் 11.ஜி3. அந்த ஜி3 சிப்பாய் ஹெச் சிப்பாய்க்கு இலக்காகிவிட்டது. ஹெச்5, ஹெச்4 என்று வருவதற்கு வழி போட்டுக் கொடுத்ததே வெள்ளைதான்.

தேரடி

எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்தது யானை ஹெச்1 இல்லை, 6...டி×சி6 தான். "நடுவை நோக்கி வெட்டு" என்பது எல்லாருக்கும் முதலில் சொல்லித்தரும் பாடம். அதன்படி பி×சி6 வெட்ட வேண்டும். ஸ்பாஸ்கி எதிர்த் திசையில் வெட்டினார். ஒரே வெட்டில் சி8 பிஷப்புக்கு வழி, டி வரிசையில் யானைக்கு வழி, ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்ய நேரம் எல்லாம் கிடைத்தது. இரட்டைச் சிப்பாய் கிடக்கட்டும், யார் கேட்டார்கள்? 9-வது நகர்வில் பலகையைப் பாருங்கள். கறுப்பில் குதிரை, இரண்டு பிஷப், ராணி, டி8 யானை எல்லாம் வேலையில் இருக்கின்றன, ராஜாவும் வீடு சேர்ந்தாகிவிட்டது. ஹெச்8 யானை நகரவே இல்லை, ஆனால் அதுதான் கடைசியில் தலையைக் கொடுத்து ஜெயித்துத் தருகிறது. வெள்ளையில் ராணிப் பக்கக் குதிரையும் யானையும் ஆட்டம் முடியும்வரை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மதுரை1500

பி1 குதிரை ஆட்டம் பார்க்க டிக்கெட் வாங்கி வந்திருக்கும் போல.

செஸ்அம்மா

பையனோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். யானை ஹெச்1 வந்ததும் "அம்மா, அவர் தப்பா வெச்சுட்டாரு" என்கிறான். ஏற்கனவே ஒரு குதிரை போயிருக்கிறது, இப்போது யானையும் சும்மா போகிறது. எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை. யாராவது பொறுமையாகச் சொல்ல முடியுமா?

தேரடி

சொல்கிறேன் அக்கா, பலகையில் 14.யானை ஜி1 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புச் சிப்பாய் ஜி3-இல் நிற்கிறது. அது ஜி2-க்குப் போய்விட்டால், ராணி ஹெச்4 செக் கொடுக்கும்போது வெள்ளை ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. ஆனால் இப்போதே ஜி2 தள்ளினால் ஜி1-இல் நிற்கும் யானை அதை வெட்டிவிடும். அந்த யானை ஜி வரிசையில் இருக்கிறவரை சிப்பாய் நகர முடியாது. சரி, யானையை எப்படி அங்கிருந்து கிளப்புவது? நம் யானையை ஹெச்1-இல் கொண்டுபோய் வைத்து, "இந்தா, வெட்டிக்கொள்" என்று கொடுப்பது. வெட்டியதும் வெள்ளை யானை ஜி வரிசையை விட்டு ஹெச்1-க்கு வந்துவிட்டது. இப்போது ஜி2! சிப்பாயை வெட்ட ஆள் இல்லை. மேலே ஒரு போனஸ், ஜி2 சிப்பாய் அதே யானையைத் தாக்கியும் நிற்கிறது, அதனால் வெள்ளை ஒரு நகர்வைச் செலவழித்து அதை நகர்த்தியாக வேண்டும். அந்த ஒரு நகர்வுக்கு ஸ்பாஸ்கி கொடுத்த விலை முழு யானை.

16.யானை எஃப்1 ராணி ஹெச்4+ 17.ராஜா டி1, வேறு போக்கில்லை. ஜி×எஃப்1 ராணியாகி செக். லார்சன் இங்கே நிறுத்திவிட்டார். மீதியைப் பையனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: 18.பிஷப்×எஃப்1 பிஷப்×ஜி4 செக். ராஜா சி1-க்குப் போனால் ராணி இ1 செக், ராணி டி1 என்று மறைத்தாலும் அதை வெட்டி மேட். பிஷப் இ2 என்று மறைத்தால் ராணி ஹெச்1, அங்கேயே மேட், ஏனென்றால் இ2 பிஷப் கட்டிப்போட்ட மாதிரி, எஃப்1-க்குத் திரும்ப முடியாது.

செஸ்அம்மா

கண்டுபிடித்துவிட்டான், ராணி ஹெச்1 மேட்டை மட்டும்! இன்னொன்றுக்கு உதவி தேவைப்பட்டது. நன்றி தம்பி.

நேர்கோடு

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன். 1.பி3 நல்லது கெட்டது என்பதல்ல என் பிரச்சினை. லார்சனுக்கே இப்படி ஆகிறது என்றால் 1200 ரேட்டிங் பையன் என்ன செய்வான்? இ4, இ5 ஆடி நடுவில் அடிபட்டு, காயை எப்படி வெளியே கொண்டுவருவது என்று தெரிந்துகொள்ளட்டும். பக்கவாட்டுத் தொடக்கத்தில் தப்பு செய்தால் தண்டனை உடனே வராது, அதுதான் ஆபத்து. பையன் 10 நகர்வு ஏதோ நகர்த்துவான், எதுவும் ஆகாது. நாம் சரியாகத்தான் ஆடுகிறோம் என்று நினைத்துக்கொள்வான். தண்டனை வரும்போது மொத்தமாக வரும். இந்த ஆட்டத்தில் வந்த மாதிரி.

பழையபலகை

நேர்கோடு சார், பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் இந்த ஆட்டத்தை வைத்து 1.பி3-யைத் தூக்கில் போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் அதே 1970-இல் இருக்கிறது.

ஃபிஷர் அந்தப் போட்டியில் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். லார்சன் பட்ட அடியைக் கிட்ட இருந்து பார்த்தவர். அதே வருஷம் அவரே 1.பி3 எடுத்தார்! பியூனஸ் அயர்ஸில் துக்மகோவையும், பால்மா டி மல்லோர்காவில் நடந்த இன்டர்ஸோனலில் (உலக சாம்பியன் பட்டத்துக்கான தகுதிச் சுற்றுப் போட்டி) மெக்கிங்கையும் இதை வைத்தே வென்றார். ஸீகனில் உல்ஃப் ஆண்டர்சனோடு ஆடிய காட்சி ஆட்டத்தில் 1.பி3 இ5 2.பிஷப் பி2 குதிரை சி6 3.சி4 குதிரை எஃப்6, அதாவது லார்சன் ஆட்டத்தின் முதல் மூன்று நகர்வும் அப்படியே. நான்காவதில் ஃபிஷர் வைத்தது 4.இ3. குதிரையை எஃப்3-க்கு அனுப்பவில்லை. கறுப்பு இ4 தள்ளினாலும் தாக்க அங்கே எதுவும் இல்லை. பிறகு ஏ3, ராணி சி2, டி3 என்று ஒவ்வொரு கதவாகச் சாத்திவிட்டு, 8-வது நகர்வில்தான் குதிரை எஃப்3 வருகிறது. 12-வது நகர்வில் கேஸ்லிங். அடுத்த நகர்வு ராஜா ஹெச்1, அப்புறம் யானை ஜி1, 16-இல் ஜி4 தள்ளித் தாக்குதல். லார்சன் ஆட்டத்தில் ஜி வரிசையில் இடிந்து விழுந்தது வெள்ளை. இங்கே அதே ஜி வரிசையில் படையெடுத்துப் போவதும் வெள்ளை.

ஆக, வித்தியாசம் முதல் நகர்வில் இல்லை, நான்காவதில்.

நேர்கோடு

ஃபிஷர் செய்தார் என்பது எந்த வாதத்துக்கும் பதில் ஆகாது சார். அவர் 1.ஏ3 ஆடியிருந்தாலும் ஜெயித்திருப்பார். லார்சனையே அடுத்த வருஷம் டென்வரில் 6–0 என்று துடைத்தவர் அவர். அங்கே குற்றவாளி எந்த ஓப்பனிங்?

4.இ3-யை ஒப்புக்கொள்கிறேன். அதை என் மாணவர்களுக்கும் காட்டுவேன். ஆனால் 10-வது நகர்வில் ராஜா நடுவில் இருக்கும்போது எஃப்4 தள்ளத் தோன்றியது ஏன்? "இது மெதுவான ஓப்பனிங், நமக்கு நேரம் இருக்கிறது" என்கிற நினைப்பு. அந்த நினைப்பை வளர்ப்பது இந்த மாதிரி தொடக்கங்கள்தான் என்பதே என் கட்சி.

தேரடி

அது லார்சனின் சுபாவம் சார், ஓப்பனிங்கின் சுபாவம் இல்லை. மனிதர் எதிரில் யார் இருந்தாலும் டிராவுக்குப் போகாமல் ஜெயிக்கப் பார்ப்பவர். 4.குதிரை எஃப்3-யும் தெரியாமல் வைத்ததில்லை. கறுப்பில் அலெகைன் தற்காப்பு (1.இ4-க்கு 1...குதிரை எஃப்6) ஆடுகிறவர்கள் எதிராளியின் சிப்பாயை இப்படித்தான் முன்னே இழுத்து, பிறகு அதைக் குறிவைப்பார்கள். அதையே வெள்ளையில் செய்து பார்த்தார். அந்தச் சிப்பாயை அப்புறம் ஒன்றும் செய்ய முடியவில்லை, கடைசிவரை இ4-இல் கல் மாதிரி நின்றது. அவ்வளவுதான்.

எஞ்சின்பாண்டி

பக்கவாட்டுத் தொடக்கம் பழைய காலத்து விஷயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2024 டிசம்பர், சிங்கப்பூர், குகேஷ் – டிங் லிரென் உலக சாம்பியன் போட்டி. கடைசி நான்கு ஆட்டங்களில் முடிவு கிடைத்தவை மூன்று, 11, 12, 14. மூன்றும் இந்த வகைதான். 11-வதில் குகேஷ் 1.குதிரை எஃப்3 டி5 2.சி4 டி4 3.பி4 என்று போய், 28-வது நகர்வில் டிங் செய்த பெரிய தவறில் ஜெயித்தார். 12-வதில் டிங் 1.சி4 ஆடித் திருப்பிக் கொடுத்தார். 14-வதில் டிங் 1.குதிரை எஃப்3, 2.ஜி3. அதில் தோற்றுத்தான் பட்டம் சென்னைக்கு வந்தது. 11-வதில் குகேஷ் வைத்த அந்த 3.பி4-யைப் பார்த்ததும் எனக்கு ரேட்டி – கபபிளாங்காதான் ஞாபகம் வந்தது, நிலை வேறு என்றாலும்.

மதுரை1500

14-வதை ஓப்பனிங் கணக்கில் சேர்க்காதீர்கள் பாண்டி அண்ணா. 55-வது நகர்வில் டிங் யானை எஃப்2 வைத்ததற்கும் முதல் நகர்வுக்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கு நாங்கள் வீட்டில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.

எஞ்சின்பாண்டி

அதைத்தான் நேர்கோடு சாருக்கும் சொல்கிறேன். 17-வது நகர்வில் தோற்றாலும் 58-வதில் தோற்றாலும், முதல் நகர்வைப் பிடித்து உலுக்குவது சுலபம். அதற்கு எஞ்சின் கூட வேண்டாம்.

கருங்கட்டம்

நிறைய கிடைத்தது, எல்லாருக்கும் நன்றி. பி3-யை விடப்போவதில்லை. கிளப் பெரியவரிடம் 4.இ3 காட்டினேன். ஆண்டர்சன் ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டு, "சரி, ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆடு, பார்க்கலாம்" என்றார். அவர் 1...டி5 ஆடுவார் என்று நினைக்கிறேன், அதற்குத் தயாராக வேண்டும்.

ஒரு கடைசி சந்தேகம். 16-இல் யானையை எஃப்1-க்குக் கொண்டுபோகாமல் ஜி1-இல் வைத்திருந்தால்? சிப்பாய் ராணியாகும் கட்டத்தையே அடைத்துவிடுகிறதே. ராணி ஹெச்4 செக், ராஜா டி1, அப்புறம் கறுப்புக்கு என்ன இருக்கிறது?

தேரடி

நானும் முதலில் அதைத்தான் தேடினேன். 17...ராணி ஹெச்1! ராணியை யானைக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது. யானை×ஹெச்1 என்றால் சிப்பாய் ஹெச்1-இல் வெட்டி ராணி, செக்கோடு. வெட்டாவிட்டால் ராணி×ஜி1 செக். ராஜா சி2-க்கு ஓட இடம் வேண்டும் என்று 18.ராணி சி3 வைத்தால், 18...ராணி×ஜி1+ 19.ராஜா சி2 ராணி எஃப்2. இ2 பிஷப் அடிபடுகிறது, ஜி2 சிப்பாய் அடுத்து ராணியாகிறது, இரண்டையும் ஒரே நகர்வில் தடுக்க முடியாது. ஸ்கோர்ஷீட்டில் இரண்டு மூன்று வரி கூடியிருக்கும், அவ்வளவுதான்.